ஏலத்துக்கு வரும் ரேக் யாருடையது?

தஞ்சைச் சீமையில் அறுவடை முடிந்து வைக்கோல் காய்கிற நாட்களில் விவசாயிகளிடையே ஒரு பேச்சு அடிபடுகிறது. ஏலத்தில் ரேக் வருகிறதாம், பேலரும் சேர்ந்து வருகிறதாம், பாதி விலைக்கு எடுத்துவிடலாமாம்! சொல்கிறவர் ஆசையோடு சொல்கிறார். கேட்கிறவர் மடியைத் தடவிப் பார்த்துக்கொள்கிறார். இந்த ஆசையை நாம் குறை கூறவில்லை. புதுக் கருவிக்குப் பணம் இல்லாதவன் பழையதைத் தேடுவது இயல்பே. ஆனால் பாதி விலைக்கு வருகிற பொருள் ஏன் பாதி விலைக்கு வருகிறது என்று கேட்க வேண்டாமா? அதைக் கேட்காமல் ஏலம் கேட்கப் போகிறவன் அடுத்த ஏலத்துக்குச் சரக்கு கொண்டு போகிறான் என்றே நாம் சொல்லுவோம்.

ரேக் என்பது என்ன? டிராக்டரின் பின்னால் மாட்டி இழுக்கப்படும் கருவி. வளைந்த கம்பிப் பற்கள் வைத்த சக்கரங்கள் தரையில் உருண்டுகொண்டே வைக்கோலை வாரி வரிசையாகக் கூட்டும். அடியில் ஈரமாயிருப்பதைப் புரட்டி வெயிலுக்குக் காட்டும். பின்னால் வருகிற பேலர் அந்த வரிசையை விழுங்கிக் கட்டாகக் கட்டி வெளியே தள்ளும். மேல்நாட்டில் இது புல் வாரப் பிறந்த கருவி. நம் பக்கத்தில் அறுவடை இயந்திரம் வயலில் இறங்கிய பிறகே இதற்கு வேலை ஏற்பட்டது.

அதற்கு முன் இந்த வேலை முழுவதும் மனிதக் கையில் இருந்தது. அரிவாளால் அறுத்து, கட்டுக் கட்டி, தலைச்சுமையாகக் களத்துக்குக் கொண்டுவந்து, அடித்து, உதறி, மாடு விட்டுப் போரடித்து, கடைசியில் வைக்கோல் போர் போட்டார்கள். ஆணும் பெண்ணும் வாரக் கணக்கில் செய்த வேலை அது. இன்று இயந்திரம் ஒரு நாளில் பல ஏக்கரை அறுத்து, நெல்லை வண்டியில் கொட்டிவிட்டு, வைக்கோலை வயலிலேயே போட்டுவிட்டுப் போய்விடுகிறது. அதை வாரிக் கட்ட ஆள் இல்லை. இருக்கிற ஆளுக்கு அந்தக் கூலி கட்டுபடியாவதில்லை. எனவே பேலர்காரர் வருகிறார். ஒரு கட்டுக்கு இவ்வளவு என்று வாடகை. கட்டுகள் லாரியேறிக் கேரளத்துக்கும் வெளி மாவட்டங்களுக்கும் போகின்றன. பேலர் வராத இடத்தில் வைக்கோலுக்குத் தீ வைக்கிறார்கள்.

நிலமில்லாத விவசாயத் தொழிலாளி வீட்டிலும் ஒரு மாடு நிற்கிறது. களத்தில் வேலை செய்த காலத்தில் அந்த மாட்டுக்கு நாலு கட்டு வைக்கோல் கிடைத்து வந்தது. களமே போன பிறகு அவள் எங்கே போவாள்? தன் ஊர் வயலில் விளைந்த வைக்கோலையே எண்ணி விலை கொடுத்து வாங்குகிறாள். ரேக்கும் பேலரும் யார் கையில் இருக்கின்றன என்பது அவளுடைய மாட்டின் தீவனத்தையும் தீர்மானிக்கிறது.

இனி அந்த விலைக்கு வருவோம். டெல்டாவில் இந்தக் கருவிகளுக்கு ஆண்டில் எத்தனை நாள் வேலை? குறுவை அறுப்பு முடியும்போது வடகிழக்குப் பருவமழை தலைக்குமேல் வந்து நிற்கும். நனைந்த வைக்கோலைப் பேலர் கட்டாது. களிமண் வயலில் டிராக்டரே இறங்காது. மிஞ்சியது தை, மாசியில் சம்பா, தாளடி அறுப்பு. அங்கேயும் ஒரு தடை உண்டு. நெல் நிற்கும்போதே, அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால், ஈர வயலில் உளுந்தும் பயறும் தெளிப்பது டெல்டாவின் பழைய வழக்கம். முளைத்து நிற்கிற உளுந்தின் மேல் அறுவடை இயந்திரம் ஓடி மிதித்தது போதாதென்று ரேக்கையும் பேலரையும் ஓட்ட எந்த விவசாயிதான் சம்மதிப்பான்? ஆக, கருவிக்கு வேலை சில வாரங்கள். தவணைக்கோ ஆண்டு முழுவதும் வேலை!

இதற்கு மேல் தண்ணீர்ப் பிரச்சினை. 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகளும் மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறக்கப்படவில்லை. 2020-ல்தான் அந்தத் தேதி மீண்டும் வந்தது. 2024-லும் ஜூலைக் கடைசியில்தான் தண்ணீர் விட்டார்கள். அணை திறக்காத ஆண்டில் குறுவை இல்லை. குறுவை இல்லையேல் வைக்கோல் இல்லை. வைக்கோல் இல்லையேல் வாடகை இல்லை. இந்த வரிசையெல்லாம் கடன் பத்திரத்தில் எழுதியிருக்கிறதா? அங்கே தேதியும் தொகையும் அபராத வட்டியுமே உண்டு. இரண்டு தவணை தவறினால் போதும், கம்பெனி ஆட்கள் வாசலில் நிற்பார்கள். ஊருக்கு வெளியே கம்பிவேலி போட்ட திடலில் ஒரு ரேக் கூடுதலாக நிற்கும். அதுதான் நம் விவசாயி "பாதி விலை" என்று பார்த்துவிட்டு வருகிற ரேக். எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்பார்கள். இங்கே பிடுங்குகிறவனுக்கும் அந்த லாபம் தங்குவதில்லை. அவனுக்கும் அதே சில வாரங்கள், அதே மேட்டூர்.

சட்டம் என்ன சொல்கிறது? 1908-ல் வெள்ளைக்காரன் ஆட்சியில் செய்த சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-வது பிரிவு, கோர்ட் டிக்ரி நிறைவேற்றத்தில் விவசாயியின் உழவுக் கருவிகளையும், பிழைப்புக்கு வேண்டிய மாடுகளையும், விதைத் தானியத்தையும் ஜப்தி செய்யக் கூடாது என்று விலக்கு அளித்திருக்கிறது. அந்நிய ஆட்சிக்கே தெரிந்திருந்தது, ஏரைப் பிடுங்கினால் கடனும் வராது, வரியும் வராது என்று. அந்தப் பிரிவு இன்றும் இருக்கிறது. கோர்ட்டுக்குப் போகாமலே வங்கிகள் அடமானச் சொத்தைக் கைப்பற்ற வழிசெய்த 2002-ம் ஆண்டுச் சட்டம்கூட விவசாய நிலத்தை விலக்கிவைத்தது. ஆனால் கடனில் வாங்கிய டிராக்டரும் அதன் பின்னால் ஓடும் கருவிகளும் ஒப்பந்தப்படி அடமானம். கம்பெனி டிக்ரி வாங்குவதில்லை; அமீனா வருவதில்லை; 60-வது பிரிவுக்கு வாய் திறக்க இடமே கிடைப்பதில்லை. இன்றைய ஏர் டிராக்டர் அல்லவா? மரக் கலப்பைக்கு உள்ள பாதுகாப்பு இரும்புக் கருவிக்கு இல்லையென்றால் அது என்ன நியாயம்?

கடன் வசூலுக்கு அடியாட்களை ஏவக் கூடாதென்று 2007-ல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆனால் 2016 மார்ச் மாதத்தில் ஒரத்தநாடு பக்கத்தில் நடந்தது என்ன? டிராக்டர் கடன் தவணைக்காக ஒரு விவசாயியைப் போலீசாரே அடித்து இழுத்த காட்சியை நாடு முழுவதும் தொலைக்காட்சியில் பார்த்தது. அதே மாதம் அரியலூர் மாவட்டத்தில் டிராக்டரைப் பறிகொடுத்த ஒரு விவசாயி தற்கொலை செய்துகொண்டார். பறித்ததோடும் விடுவதில்லை. ஏலத்தில் வந்த தொகை கடனுக்குப் போதவில்லையென்றால் மீதிக்கு நோட்டீஸ் வருகிறது. குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்த கதைதான்.

கடன் தள்ளுபடி வந்ததே என்பார்கள். 2021-ல் தமிழக அரசு 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய் கடனைத் தள்ளுபடி செய்தது. வரவேற்கத்தக்கதே. ஆனால் அது கூட்டுறவு நிறுவனங்களில் வாங்கிய பயிர்க் கடன். தனியார் கம்பெனியின் டிராக்டர்க் கடனை அது தொடவேயில்லை. 1938-ல் சென்னை மாகாணத்தில் வந்த விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் தனியார் லேவாதேவிக்காரனின் வட்டியிலேயே கை வைத்தது என்பதை இங்கே நினைவூட்டுகிறோம்.

முதலாளித்துவத்தின் கோட்டையான அமெரிக்காவிலும் விவசாயிகள் இந்த ஏலத்தைச் சந்தித்திருக்கிறார்கள். 1930-களின் தொடக்கத்தில், பெரும் நெருக்கடியின்போது, நெப்ராஸ்கா, அயோவா மாநிலங்களில் கடனுக்காகப் பண்ணைகள் ஏலத்துக்கு வந்தன. அக்கம்பக்கத்து விவசாயிகள் நூற்றுக்கணக்கில் திரண்டு வந்து நின்றார்கள். மாட்டுக்கு ஐந்து சென்ட், கலப்பைக்கு ஐந்து சென்ட் என்று கேட்டார்கள். வெளியாள் எவனாவது விலையை ஏற்றினால் அவன் தோளில் ஒரு கனத்த கை விழும். எல்லாவற்றையும் சில்லறைக்கு எடுத்து, சொந்தக்காரனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். 'பென்னி ஏலம்' என்று அதற்குப் பெயர். 1933 பிப்ரவரியில் ஆயிரக்கணக்கான விவசாயிகள் நெப்ராஸ்காவின் தலைநகரான லிங்கனில் சட்டசபையை நோக்கிச் சென்றார்கள். அந்த ஆண்டில் பல மாநிலங்களில் ஏலத்தை ஒத்திவைக்கும் சட்டங்கள் பிறந்தன. மின்னசோட்டா மாநிலச் சட்டத்தை எதிர்த்துக் கடன் கொடுத்தவர்கள் வழக்காடியபோது, அது செல்லும் என்று 1934-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது.

இங்கே அப்படியே செய்துவிடலாமா? செய்ய முடியாது என்பதை ஒளிக்காமல் சொல்லுகிறோம். அன்றைய ஏலம் பண்ணை முற்றத்தில் நடந்தது. கேட்கிறவனின் முகம் தெரிந்தது. இன்றைய ஏலம் பெரும்பாலும் கைபேசியில் நடக்கிறது. பழைய இயந்திர வியாபாரி எங்கோ உட்கார்ந்து விலையை ஏற்றுகிறான். அவன் தோளில் யார் கை வைப்பது? ஆகவே ஏலத்துக்கு முன்பே கை வைக்க வேண்டும். விவசாயக் கருவியைக் கைப்பற்றுமுன் கோர்ட் உத்தரவு வேண்டும் என்று சட்டத்தில் எழுதச் சொல்ல வேண்டும். சாகுபடி கெட்ட ஆண்டில் தவணை தானாகத் தள்ளிப்போக வேண்டும். அதையும் மீறி ஏலம் வந்தால், அந்த ஊர்த் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்துக்கு முதல் உரிமை தர வேண்டும். சங்கம் எடுத்தால் கருவி ஊரைவிட்டுப் போகாது. பல நூறு ஏக்கருக்கு ஓடும். முன்பின்னாக அறுவடையாகும் ஊர்களுக்கு மாறி மாறிப் போகும். ஒருவனை மூழ்கடிக்கிற அதே இரும்பு சங்கத்துக்குக் கட்டுபடியாகும். ஒரு ஏக்கருக்கு இத்தனை கட்டு ஊர்த் தொழிலாளர் மாடுகளுக்கு என்று சங்கமே விதி செய்யலாம், பேலர்காரர் செய்வாரா?

இதற்குப் பணம் எங்கே என்று கேட்பார்கள். மத்திய அரசு 2014-15 முதல் நடத்தும் வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் வாடகை மையத்துக்கு மானியம் உண்டு. ஆனால் மானியம் புதுக் கருவிக்கு மட்டுமே. கம்பெனி விற்பனைக்கு அரசாங்கத்தின் கை நீளுகிறது. அதே கருவி ஜப்தியாகி நின்றால் நீளுவதில்லை. யாருக்காக இந்த மானியம்?

இதெல்லாம் வருகிற வரையில் வாங்காமல் இருக்க முடியாது என்கிற தோழர்களுக்கு ஒரு வார்த்தை. தனியாக வாங்காதீர்கள், பத்துப் பேர் சேர்ந்து வாங்குங்கள். ஏலத்தில் "உள்ளது உள்ளபடியே" என்றுதான் தருவார்கள்; பிறகு புகார் செல்லாது. ஆகவே பகலில் நேரில் போய்ப் பாருங்கள். ரேக்கில் முறிந்த பற்களை எண்ணுங்கள். அதை மாற்றிவிடலாம்; சட்டத்தில் விரிசல் கண்டு ஒட்டவைத்து வண்ணம் பூசியிருந்தால் விட்டுவிடுங்கள். சக்கரத்தைக் கையால் சுற்றிப் பேரிங் சத்தத்தைக் கேளுங்கள். பேலரானால் நூல் கட்டும் பகுதியை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். டிராக்டருக்கு ஆர்.சி. புத்தகம் உண்டு, அதில் அடமானக் குறிப்பு நீங்கியதா என்று பார்க்கலாம். ரேக்குக்கு அந்தப் புத்தகமே கிடையாது. பழைய ரசீதும், கருவியின் எண்ணும், கம்பெனியின் எழுத்தும் இல்லாமல் ஒரு ரூபாயும் கட்டாதீர்கள். பழைய சொந்தக்காரர் பக்கத்து ஊர்க்காரராயிருந்தால் ஏலத்துக்கு முன் அவரைப் போய்ப் பாருங்கள். பத்துப் பேர் பணத்தில் அவருடைய தவணையைக் கட்டி, அவரையும் பதினோராவது பங்காளியாகச் சேர்த்துக்கொள்ள வழி இருக்கலாம்.

தை அறுப்புக்கு முன் ஒவ்வொரு ஊரிலும் விவசாயிகள் சங்கத்தார் இந்தக் கணக்கை எடுக்க வேண்டும்: கடந்த மூன்று ஆண்டுகளில் எத்தனை டிராக்டர், எத்தனை பேலர், எத்தனை ரேக் பறிமுதல் ஆயின, கைப்பற்ற வந்தவர்கள் என்ன காகிதம் காட்டினார்கள், ஏலத்தில் என்ன விலைக்குப் போயின, மீதிக் கடனுக்கு எவ்வளவு நோட்டீஸ் வந்தது. கணக்கை எழுதி நமக்கு அனுப்பி, ஒரு நகலைக் கலெக்டரிடம் கொடுத்து ரசீது வாங்கிவையுங்கள்.