நேரடி இரண்டாம் ஆண்டா? அறையைப் பார்க்கும் முன் இதைப் படியுங்கள்!

பிக்கட்டியிலிருந்து ஒரு அம்மா வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். மகள் ஊட்டியில் பாலிடெக்னிக் முடித்துவிட்டாள். லேட்டரல் என்ட்ரி கவுன்சலிங்கில் கோவைக் கல்லூரி ஒன்றில் நேரடியாக பி.இ. இரண்டாம் ஆண்டு இடம் கிடைத்திருக்கிறது. கல்லூரி விடுதியா, வெளியே லேடீஸ் ஹாஸ்டலா? கூடப் படித்த மூன்று பெண்கள் சேர்ந்து வீடு எடுக்கலாம் என்கிறார்களே, அதுவா? எதுவானாலும் இலைப் பணத்தில்தான் சமாளிக்க வேண்டும். இதுதான் அவர் கேள்வி.

சமவெளி வாசகர்களுக்கு ஒரு வரி. பிக்கட்டி, நீலகிரியின் குந்தா வட்டத்தில் மஞ்சூர் பக்கம் இருக்கும் ஊர். சின்னச் சின்னத் தேயிலைத் தோட்டங்கள், ஒரு கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலை. பசுந்தேயிலையைக் கொடுத்தால் பணம் பிறகு வரும். கிலோவுக்கு எவ்வளவு என்பது தோட்டக்காரர் கையில் இல்லை. இப்படிப்பட்ட வீட்டில், ஒரு வருட ஹாஸ்டல் ஃபீஸை ஒரே தவணையில் கட்டுவதும் மாதாமாதம் கட்டுவதும் ஒன்றல்ல.

இருந்தாலும் என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அறை சுமாராக இருந்தாலும், முதல் செமஸ்டருக்காவது கல்லூரி விடுதியையே எடுங்கள். மூன்று வருடத்துக்கும் சேர்த்து இப்போதே முடிவு செய்ய வேண்டாம்.

காரணம் கணக்குப் பாடம். நேரடி இரண்டாம் ஆண்டு என்றால் நுழைவதே மூன்றாம் செமஸ்டரில். பல பிரிவுகளில் அங்கே 'எம்-3' என்று மாணவர்கள் சொல்லும் கணிதத் தாள் காத்திருக்கும். வகுப்பில் மற்றவர்கள் முதலாண்டில் எம்-1, எம்-2 முடித்துவிட்டு வந்திருப்பார்கள். டிப்ளமோ மாணவர்கள் பாலிடெக்னிக்கில் கணக்கு படித்திருந்தாலும் அது வேறு மாதிரி. வொர்க்‌ஷாப்பிலும் டிராயிங்கிலும் ராஜாவாக இருப்பவர்கள் எம்-3-ல் அரியர் வைப்பதைப் பார்க்கலாம். பிரிட்ஜ் கோர்ஸ் நடத்தும் கல்லூரிகள் உண்டு. ஆனால் சந்தேகம் வருவது இரவு பத்து மணிக்கு. அப்போது சொல்லித்தர பக்கத்து அறையில் ஆள் வேண்டும். பதிலுக்கு அந்தப் பெண்ணுக்கு லேபில் மீட்டரை எப்படி இணைப்பது என்று உங்கள் மகள் காட்டிக்கொடுப்பாள். இந்தக் கொடுக்கல் வாங்கல் பஸ் பிடித்து வந்துபோகும் இடத்தில் அமையாது.

சிக்கல் என்னவென்றால், அந்தப் பக்கத்து அறை ஏற்கெனவே நிரம்பியிருக்கும். முதலாண்டு முடியும்போதே யார் யாருடன் தங்குவது என்று பெரும்பாலும் பேசி முடித்துவிடுவார்கள். லேட்டரல் மாணவர்கள் வந்து சேரும்போது மிச்சம் இருப்பது மேல்மாடி, பாத்ரூமை ஒட்டிய அறை, அல்லது லேட்டரல் மாணவர்களை மட்டும் மொத்தமாகப் போட்ட ஓர் அறை. கடைசியாகச் சொன்னது முதல் வாரம் இதமாகத்தான் இருக்கும், எல்லோரும் ஒரே கதை என்பதால். ஆனால் நான்கு பேருக்கும் எம்-3 தெரியாது! வார்டனிடம் இரண்டு விஷயம் கேளுங்கள்: முதலாண்டிலிருந்து படிக்கும் அதே பிரிவு மாணவி இருக்கும் அறையில் ஒரு கட்டில் காலியா? இல்லையென்றால், செமஸ்டர் முடிவில் அறை மாற்றித் தருவார்களா? இரண்டாவதற்கு 'பார்க்கலாம்' என்று பதில் வந்தால் ஒரு கடிதமாகவே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

மலையிலிருந்து இறங்குகிறவர்கள் பார்க்காமல் விடுவது மேல்மாடி. பிக்கட்டியில் ஃபேன் இல்லாத வீட்டில் வளர்ந்த பெண்ணுக்கு, கோவையின் ஏப்ரலில் மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் அறை என்பது தண்டனை. அறையைப் பார்க்கப் போனால் மதியம் இரண்டு மணிக்குப் போங்கள். காலையில் எல்லா அறையும் குளுகுளுதான். குடிக்க என்ன தண்ணீர், குளிக்க உப்புத் தண்ணீரா என்றும் கேளுங்கள். பத்தொன்பது வயதில் தலைமுடி கொட்டுவதெல்லாம் சின்ன விஷயமில்லை, சொல்லிவிட்டேன்.

சரி, பணம். கல்லூரி விடுதி என்றால் அறை வாடகை ஒன்று, மெஸ் பில் ஒன்று, திரும்பக் கிடைக்கும் காஷன் டெபாசிட் ஒன்று. மெஸ் பில் சில இடங்களில் நிலையான தொகை, சில இடங்களில் 'டிவைடிங்' முறை. அந்த மாதம் ஆன மொத்தச் செலவைத் தங்கியிருப்பவர்கள் பிரித்துக்கொள்வது. டிவைடிங்கில் லீவு நாள்களைக் கழிப்பார்களா, எத்தனை நாள் தொடர்ந்து போனால் கழிப்பார்கள் என்பது முக்கியம். ஊருக்கு அடிக்கடி வந்துபோகிறவர்களுக்கு அந்த ஒரு விதியிலேயே நல்ல தொகை மிச்சமாகும். ஃபீஸை இரண்டு தவணையாகக் கட்ட முடியுமா என்றும் அலுவலகத்தில் கேளுங்கள். கேட்டால் தருகிற கல்லூரிகள் இருக்கின்றன. கேட்காதவர்களிடம் யாரும் போய்ச் சொல்வதில்லை.

கல்விக் கடன் எடுப்பதாக இருந்தால் விடுதி, மெஸ் செலவையும் முதல் விண்ணப்பத்திலேயே சேருங்கள். 4 லட்சம் ரூபாய் வரை வங்கிகள் பொதுவாக மார்ஜின் பணம் கேட்பதில்லை. வெளி விடுதி என்றால் ரசீது, சான்று என்று வங்கிக்கு அலைச்சல் கொஞ்சம் கூடும். முதல் பட்டதாரி சலுகை கல்விக் கட்டணத்துக்குத்தான், விடுதிக்கு இல்லை. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5% ஒதுக்கீட்டில் பி.இ. முதலாண்டு சேர்ந்த பக்கத்து வீட்டுப் பையனுக்கு விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டியிருக்கலாம். உங்கள் மகளுக்கும் அப்படித்தான் என்று நினைத்துக் கணக்குப் போட்டுவிடாதீர்கள்.

பலர் மறந்தே போகும் இன்னொரு கதவு, அரசு விடுதி. படகர் சமூகம் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறது. அந்தத் துறை கல்லூரி மாணவிகளுக்கு நடத்தும் விடுதிகளில் தங்குவதும் சாப்பாடும் இலவசம். குடும்ப வருமான வரம்பு உண்டு. ஆதிதிராவிடர், பழங்குடியினர் துறைகளின் விடுதிகளும் இப்படித்தான். 2025 ஜூலையில் அரசு விடுதிகள் எல்லாவற்றுக்கும் 'சமூகநீதி விடுதி' என்று பெயர் மாற்றினார்கள். அதனால் பழைய பெயரைச் சொல்லித் தேடினால் குழம்பலாம். கல்லூரி எந்த மாவட்டமோ அந்த மாவட்டக் கலெக்டர் அலுவலகத்தில் கேளுங்கள், ஊட்டியில் அல்ல. வருமானச் சான்றிதழைக் கையோடு வைத்திருங்கள். லேட்டரல் சேர்க்கை முடிவதற்குள் இடங்கள் நிரம்பிவிடும் ஆபத்து இருப்பதால், அலாட்மென்ட் ஆர்டர் வந்த வாரத்திலேயே போய்விடுவது நல்லது. 'தோழி' விடுதி என்று யாராவது சொன்னால், அது வேலைக்குப் போகும் பெண்களுக்காக அரசு கட்டியது.

தனியார் லேடீஸ் ஹாஸ்டலுக்குப் போவதாக இருந்தால் முதல் கேள்வி, லைசென்ஸ் எங்கே? தமிழ்நாட்டில் பெண்கள், குழந்தைகள் தங்கும் விடுதிகளை முறைப்படுத்த 2014-ம் ஆண்டே தனிச் சட்டம் வந்துவிட்டது. கலெக்டரின் உரிமம் இல்லாமல் நடத்தக் கூடாது. உரிமத்தை வரவேற்பறையில் மாட்டியிருக்கும் இடமும் உண்டு, கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் இடமும் உண்டு. இரண்டாவது ரகத்தில் பிரியாணி போட்டாலும் வேண்டாம். பில்லில் ஜி.எஸ்.டி. சேர்த்தால் அதையும் கேளுங்கள். ஒருவருக்கு மாதம் 20,000 ரூபாய்க்கு உட்பட்டு, தொடர்ந்து 90 நாள்களாவது தங்கினால் வரி விலக்கு என்று 2024-ல் ஜி.எஸ்.டி. கவுன்சில் முடிவெடுத்துவிட்டது. அட்வான்ஸில் எவ்வளவு திரும்ப வரும், எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும் என்பதை வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்குங்கள். சென்னையில் நான் தங்கியிருந்த ஒரு மேன்ஷனில் 'பெயின்டிங் செலவு' என்று அட்வான்ஸில் பாதியைக் கழித்தார்கள். நான் இருந்தவரை அந்தச் சுவரை யாரும் தொட்டதில்லை!

தோழிகள் சேர்ந்து வீடு எடுக்கும் யோசனையை மூன்றாம் ஆண்டுக்குத் தள்ளிப்போடுங்கள் என்பேன். வாடகையை மட்டும் மூன்றாக வகுத்துப் பார்த்தால் மலிவாகத் தெரியும். கேஸ், கரண்ட், பாத்திரம், பஸ், தனியாக இரவு திரும்புவது எல்லாம் அதில் வராது. ஒரு பெண் இடையில் கிளம்பிவிட்டால் அவள் பங்கும் மற்ற இருவர் தலையில் விழும். அப்படியும் எடுத்தால் ஒப்பந்தத்தில் மூவர் பெயரும் இருக்கட்டும். தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டப்படி பொதுவாக மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது. நீங்களே அதிகத் தொகைக்கு ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால்தான் கதை வேறு.

இனி ஊருக்கு வந்துபோவது. மஞ்சூரிலிருந்து கெத்தை, முள்ளி வழியாகக் காரமடை இறங்கும் பாதையில் 43 கொண்டை ஊசி வளைவுகள். யானைக் காடு என்பதால் இருட்டினால் அந்த வழியை மறந்துவிட வேண்டும். மற்ற வழி குன்னூர், மேட்டுப்பாளையம். அக்டோபர் தொடங்கி மழை வலுத்தால் இரண்டிலும் மண் சரியலாம். ஞாயிறு மாலை விடுதி கேட் ஆறரைக்கு மூடும் என்றால் உங்கள் மகள் காலையிலேயே கிளம்ப வேண்டும். அப்படியானால் வீட்டில் இருப்பது சனிக்கிழமை ஒரு நாள்தான். (பெண்கள் விடுதி கேட் மட்டும் ஏன் சீக்கிரம் மூடுகிறது என்று எனக்கு இன்றும் புரியவில்லை.) பாதை அடைத்துவிட்டால் போன் செய்து சொன்னால் போதுமா, அப்பா நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டுமா என்று சேரும் நாளிலேயே கேட்டு வையுங்கள். ஊட்டி பஸ்கள் வந்து நிற்பது மேட்டுப்பாளையம் சாலைப் பேருந்து நிலையத்தில். தடாகம் சாலையில் இருக்கும் ஜி.சி.டி. அங்கிருந்து பக்கம். பீளமேடு பக்கக் கல்லூரி என்றால் இன்னொரு டவுன் பஸ் பிடிக்க வேண்டும்.

டிசம்பர்-ஜனவரியில் ஹெத்தை அம்மன் பண்டிகை வரும். நீலகிரிக்குத்தான் உள்ளூர் விடுமுறை, கோவைக்கு இல்லை. சில கல்லூரிகளில் அது செமஸ்டர் தேர்வோடு மோதும். தேர்வு அட்டவணை வந்ததும் பார்த்து, லீவு லெட்டரை வார்டனுக்கும் வகுப்பு ஆசிரியருக்கும் தனித்தனியாகக் கொடுக்கச் சொல்லுங்கள்.

அப்புறம் ராகிங். வருகைப் பதிவேட்டில் இரண்டாம் ஆண்டு, விடுதிக்குப் புதுமுகம் என்ற இரட்டை நிலை லேட்டரல் மாணவர்களுக்கு. 'நீ ஜூனியரே இல்லையே, இது ராகிங்கில் வராது' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். யு.ஜி.சி-யின் 2009 விதிகள் புதுமுகத்தோடு 'வேறு எந்த மாணவரையும்' சேர்த்தே சொல்கின்றன. தமிழ்நாட்டில் 1997 முதலே தனிச் சட்டமும் இருக்கிறது. 1800-180-5522 என்ற இலவச எண்ணை மகள் போனில் பதிந்து கொடுங்கள், உங்கள் போனிலும்.