எந்த வால்வு?

வீட்டில் குழாய் வெடித்தால், பிளம்பர்களாகிய நாம் போய்ச் சேருமுன்பே வீட்டுக்காரர் மோட்டாரை நிறுத்தி, மாடியேறித் தொட்டிக்கடியிலுள்ள கேட் வால்வை மூடிவிடுகிறார். மூட இயலாமற்போனாலும், ஆயிரம் லிட்டர்த் தொட்டி காலியானவுடன் உபத்திரவம் தானே ஓய்ந்துவிடுமாதலால், அங்கே நமது பிரயாசையெல்லாம் பழுது பார்ப்பதிலேயே கழிகிறது.

வர்த்தகக் கட்டடங்களின் விஷயம் வேறு. பிரஷர் பம்பு பொருத்திய பத்து மாடி அலுவலகமொன்றில் ரைசரின் ஜாயின்ட் விட்டுவிட்டால், அழுத்தம் குறைவதை மட்டுமே அறியக்கூடிய அந்தப் பம்பு, மேலே யாரோ தண்ணீர் பிடிப்பதாகவே பாவித்து, சம்ப்பில் நீர் உள்ளவரை விசுவாசத்தோடு இறைத்துக்கொண்டேயிருக்கும். ஆகையால் முதற்காரியம் பம்பை நிறுத்துவதே. பேனலைச் சுற்றித் தண்ணீர் தேங்கியிருந்தாலோ, எலக்ட்ரீஷியன் மின்சாரத்தைத் துண்டிக்கும்வரை அதனருகே போகலாகாது. பம்பு நின்ற பின்னரும், 30 மீட்டர் உயரத்துக்கு நிற்கும் நீர் அடித்தளத்தில் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 3 கிலோ அழுத்தத்தோடு காத்திருக்கிறது; ஆகையால் ரைசரின் வால்வையும் மூடியாக வேண்டும்.

அடுத்த சங்கடம், அந்த வால்வைத் தேடும் ஷாஃப்டில். குடிநீர், ஃபிளஷ், தீயணைப்பு ஆகிய குழாய்கள் பக்கம் பக்கமாக நிற்க, சிவப்பு வர்ணம் உதிர்ந்துபோன தீயணைப்பு வால்வை அவசரத்தில் மூடிய கை அதைத் திறக்க மறந்துவிடுமானால், கட்டடம் பாதுகாப்பின்றி நிற்பதை ஒருவரும் அறியமாட்டார்கள். சரியான வால்வையே கண்டுபிடித்தாலும், வருஷக்கணக்கில் தொடப்படாத அதன் சக்கரம் சுற்றினாலும் உள்ளே பலகை இறங்காமற்போகலாம்.

கழிவுக்குழாய் அடைப்பிலும் இதே கதைதான். வீட்டிலானால் "கொஞ்ச நேரம் பாத்ரூம் பக்கம் போகாதீங்கம்மா" என்று சொன்னால் தீர்ந்தது. இங்கோ கீழ்த்தளத்து ஃப்ளோர் ட்ராப்பில் அழுக்குநீர் பொங்குவதை அறியாத மேல்மாடிக்காரர்கள் நிம்மதியாக ஃபிளஷ் செய்துகொண்டேயிருப்பார்கள். மாடிதோறும் கழிப்பறை வாசலில் ஒரு வாட்ச்மேனை நிறுத்துவது, அடைப்பெடுக்கும் கம்பியைக் காட்டிலும் அவசியமான சந்தர்ப்பங்கள் உண்டு.

இவற்றையெல்லாம் நள்ளிரவில் டார்ச் விளக்கோடு தேடிக் கற்பதைச் சாமர்த்தியமென்று நம்மவர் பெருமை பேசுவதில் எமக்குச் சம்மதமில்லை. வருஷப் பராமரிப்பு ஒப்பந்தத்தை ஏற்கும்போதே வால்வுகளுக்கு இலக்கத் தகடு மாட்டி, எது எதை அடைக்கும் என்ற வரைபடத்தைப் பம்பு அறையில் ஒட்டி, ஆறு மாதத்துக்கொருமுறை, நிர்வாகத்துக்கு முன்கூட்டியே தெரிவித்து, ஒவ்வொன்றையும் மூடித் திறந்து பார்த்துவிட வேண்டும். "படம் போடுவதற்கெல்லாமா பணம்?" என்று மானேஜர் கேட்பார்; ஆயினும் அந்தக் கூலியை மொத்தத் தொகையில் ஒளிக்காமல், கொட்டேஷனில் தனி வரியாகவே எழுதுங்கள்.