பூநகரியில் நீருக்கே முதலிடம்

சங்குப்பிட்டிப் பாலம் 2011 தை மாதத்தில் திறக்கப்பட்டதும் மன்னார் வீதி யாழ்ப்பாணத்தை நேரே எட்டியது. அன்றுதொட்டு பூநகரியின் வாடியடிச் சந்தியைச் சூழ்ந்து கடைகளும் அலுவலகங்களும் பெருகி வருகின்றன. காற்றாலை, சூரியமின் திட்டங்களைப் பற்றிய பேச்சு எழுந்தால் அங்கும் பூநகரியின் பெயர் எழுகின்றது. ஊர் நகராகும் காலம் நெருங்குகின்றது. ஆயினும் கோடை முற்றியதும் கரையோரக் குடிகள் பலர் குடங்களோடு தண்ணீர்ப் பௌசரை எதிர்பார்த்து நிற்கும் நிலை மாறவில்லை. இந்நிலையில் நகரமைப்பு வரைபடத்தில் முதலில் குறிக்க வேண்டியது வீதியா, நீரா என்னும் வினா எழுகின்றது. நீரே என்பது எமது துணிபு.

பூநகரிக்கு வடக்கே யாழ்ப்பாணக் கடல்நீரேரி, மேற்கே பாக்குநீரிணை. மணலுக்கும் சுண்ணக்கல்லுக்கும் இடையே தங்கும் மழைநீர், கீழேயுள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால் அம்மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 அடி ஆழம்வரை நன்னீர் நிற்கும் என்பது நீரியலார் கணக்கு. இக்கணக்கின் மறுபக்கம் அச்சந்தருவது. இயந்திரமிட்டு இறைத்து மேல்மட்டத்தை ஓரடி தாழ்த்தினால், காலப்போக்கில் அடியிலிருந்து 40 அடி உவர் ஏறிவரும். ஏறிய உவரை இறக்கப் பல மாரிகள் வேண்டும். இப்பகுதியின் கௌதாரிமுனை மணல்மேடுகள் மழையை உறிஞ்சித் தேக்கி வைப்பவை. அம்மணலை அள்ளுவது தண்ணீரை அள்ளுவதற்கு ஒப்பாகும். இங்குள்ள பொன்னாவெளியில் சீமெந்துக்காகச் சுண்ணக்கல் அகழும் முயற்சியை ஊரவர் மறித்து நின்றதும் கிணறுகள் உவராகும் என்னும் அச்சத்தினால்தான். அதனை அபிவிருத்திக்கு எதிரான பிடிவாதம் என்று ஒதுக்குவது அறமன்று.

அயலிலுள்ள யாழ்ப்பாணம் பட்ட பாடு நம் கண்முன் இருக்கின்றது. நெருங்கிய மனைகளின் மலக்குழிகளும் தோட்டங்களுக்கு இட்ட செயற்கை உரமும் அங்குள்ள கிணறுகளில் நைத்திரேற்றை ஏற்றின. சுன்னாகத்துக் கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்த செய்தி 2014, 2015 ஆம் ஆண்டுகளில் மக்களைக் கலங்கவைத்தது. நிலத்தடி நீரைக் கெடுத்தபின் வெளியிலிருந்து நீர் தேட வேண்டியதாயிற்று. இரணைமடுக் குளத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு நீர் கொண்டுசெல்லும் திட்டத்தைக் கிளிநொச்சி உழவர் எதிர்த்தனர். தம் வயலுக்கே போதாத குளத்தைப் பங்கிட அவர்கள் அஞ்சியதில் நியாயமுண்டு. முடிவில் யாழ்ப்பாணத்துக்காகத் தாளையடியில் கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நன்னீர் பெறும் நிலையம் 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. அது வேண்டிய பணியே. எனினும் அங்கு பெறும் ஒவ்வொரு துளிக்கும் மின்சாரம் செலவாகின்றது. மாரி மழைக்கு அச்செலவில்லை.

அந்த மழையை நாம் என்ன செய்கின்றோம்? ஐப்பசி முதல் மார்கழி வரை கொட்டித் தீர்க்கும் நீரிற் பெரும்பகுதி சில நாள்களிலேயே கடல்நீரேரியைச் சேர்கின்றது. 100 சதுரமீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் 100 லீற்றர் நீர். ஐவர் வாழும் வீட்டுக்குக் குடிக்கவும் சமைக்கவும் நாளொன்றுக்கு 50 லீற்றர் எனக் கொண்டால், ஆறு மாதக் கோடைக்கு 9,000 லீற்றர் போதும். அந்த அளவுக்கு ஒரு மாரியின் சிறுபகுதியே தேவை. புதுக் கட்டடங்களில் மழைநீர் சேகரிப்பை வலியுறுத்தும் வகையில் நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம் 2007 இலேயே திருத்தப்பட்டது. சட்டம் இருக்கின்றது, தொட்டிகளைக் காண்பதுதான் அரிது.

கூரைநீர் குடிநீருக்குப் போதுமாயினும் நகரின் பிற தேவைகளுக்குக் குளங்களும் கேணிகளும் வேண்டும். நீர்நிலைகளையும் சதுப்பையும் மேடாக்கிக் கட்டிய சென்னை 2015 இல் வெள்ளத்தில் மூழ்கியது. 2019 இல் சோலையார்பேட்டையிலிருந்து புகையிரதத்தில் ஏற்றிவந்த நீரைப் பருகியது. இடையே நான்கே ஆண்டுகள். பூநகரியின் தரவைகளும் தாழ்நிலங்களும் வெற்றுக்காணிகளாக எண்ணப்படுமாயின் இங்கும் அதுவே நேரும். மழையை நம்பியே மொட்டைக்கறுப்பன் நெல் விளைவித்துவரும் உழவர் முதலில் துன்புறுவர். நகரின் தாகத்துக்கு வயலின் நீரை எடுப்பதையும் நாம் ஏற்கமாட்டோம்.

பிரதேச சபையும் பிரதேச செயலகமும் நகர அபிவிருத்தி அதிகார சபையும் ஒருங்கிருந்து குளம், கேணி, வாய்க்கால், தரவை அனைத்தையும் எல்லையிட்டு வரைபடத்தில் குறித்து மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். உவர்நீர்த் தடுப்பணைகளை மாரிக்கு முன்னர்ச் செப்பனிட வேண்டும். மலக்குழிக்கும் கிணற்றுக்கும் உரிய இடைவெளியும் மழைநீர்த் தொட்டியும் இல்லாத கட்டட வரைபடத்துக்கு அனுமதி வழங்கலாகாது. அரச கட்டடங்களிலிருந்தே இவ்விதி தொடங்கட்டும். இவற்றை அடுத்த மாரிக்கு முன் செய்து முடிக்குமாறு பொறுப்பிலுள்ளோரை வேண்டுகின்றோம்.