சார்ஜாவுக்கு நான்கு மணி நேரம்



மகன் எங்கே இருக்கிறான் என்று உக்கடத்தில் ஒரு தாயாரைக் கேட்டுப்பாருங்கள். "சார்ஜாவில்தான் ஐயா, நாலு மணி நேரம்" என்பார். கணக்கு சரியே. பீளமேட்டிலிருந்து வான்வழியே ஏறத்தாழ 2,750 கிலோமீட்டர்; நேரடி விமானம் நான்கு மணி நேரத்தில் கொண்டுசேர்க்கிறது. அந்நாட்டுக் கடிகாரம் ஒன்றரை மணி நேரம் பின்தங்கியிருப்பதால், இறங்குகிறவனுக்கு இரண்டரை மணி நேரமே கழிந்ததுபோல் தோன்றும். உக்கடத்தில் பழனிப் பேருந்து ஏறுகிறவருக்கே ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆகிறதே! 1705 நவம்பரில் கோபன்ஹேகனில் கப்பலேறிய சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கியது 1706 ஜூலையில்.

ஆயினும், "நாலு மணி நேரந்தானே" என்னும் பேச்சை நாம் விட்டுவிட வேண்டும் என்பதே என் எண்ணம்.

ஓரேபிலிருந்து காதேஸ்பர்னேயாவுக்குப் பதினொரு நாள் பயணம் என்று உபாகமம் முதலாம் அதிகாரம் கூறுகிறது. அடுத்த அதிகாரத்திலேயே, காதேஸ்பர்னேயாவை விட்டுச் சேரேத் ஆற்றைக் கடக்க முப்பத்தெட்டு வருஷம் சென்றதாக வாசிக்கிறோம். வனாந்தரத்தின் அகலம் அதற்குக் காரணமன்று. ஜனங்களின் அவிசுவாசமே காரணம். வழியின் தூரம் வேறு, போய்ச்சேரும் காலம் வேறு.

நம் வீடுகளில் தடையாய் நிற்பது பெரும்பாலும் விடுப்பு. வளைகுடாவில் வேலை செய்கிறவனுடைய விசா முதலாளியின் கையைச் சார்ந்தது. பண்டிகைக் காலத்தில் பயணச்சீட்டின் விலையோ மாதச் சம்பளத்தை விழுங்கும். தகப்பனாரின் உடல் குளிர்சாதனப் பெட்டியில் கிடக்க, அடக்க ஆராதனைக்கு நேரம் குறிக்க முடியாமல் குடும்பத்தார் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவ்வேளையில், "பக்கந்தானே, ஏன் இன்னும் வரவில்லை?" என்று முணுமுணுக்கிற உறவினர் அந்த மகனுக்கு அநியாயம் செய்கிறார்கள்.

வேறு சிலர் உண்டு. விடுப்பும் வசதியும் உள்ளவர்கள். விடுமுறைக்குப் பிற தேசங்களைச் சுற்றிப்பார்க்கிறவர்கள். ஆண்டுக்கணக்காய் ஊர்ப்பக்கம் வராதவர்கள். சபைக்குக் காணிக்கை மட்டும் தவறாமல் அனுப்புகிறார்கள். அன்பானவர்களே, மாற்கு ஏழாம் அதிகாரத்தில் கொர்பானைக் குறித்து ஆண்டவர் சொன்னதை வாசியுங்கள். தாய்தகப்பனுக்கு உரியதைத் தேவனுக்கென்று சொல்லி நிறுத்திவைப்பதை அவர் பக்தியென்று ஏற்கவில்லை. இவ்வருஷத்துக் காணிக்கையில் ஒரு பயணச்சீட்டு எடுத்து வந்தால், ஒரு போதகனாக நான் மனக்குறைப்பட மாட்டேன். பொருளாளர் என்ன சொல்வாரோ, அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உள்ளூரில் இருக்கிற நமக்கும் பங்குண்டு. விசா கிடைத்ததைச் சாட்சியாய்ச் சொல்லும்போது கைதட்டுகிறோம். அந்தத் தாயாரை மாதந்தோறும் அரசு மருத்துவமனைக்கு யார் அழைத்துச்செல்வார் என்று கேட்பதில்லை. உக்கடத்திலிருந்து அது சிறிது தூரமே. வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஒரு நோட்டு வைக்கப்படும். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, தனித்திருக்கும் மூத்தோரின் பெயர்களை முதலில் எழுதுவோம். எதிரே, உடன்செல்ல ஆயத்தமாயிருக்கிறவர்கள் தங்கள் பெயரை எழுதலாம்.