கடையை மகனிடம் கொடுத்த அமைச்சர்

ராயப்பேட்டையிலிருந்து ஆழ்வார்பேட்டை வழியாக அடையாற்றுப் பக்கம் இறங்கும் சாலைக்கு வெள்ளைக்காரர் காலத்தில் மௌப்ரேஸ் ரோடு என்று பெயர். 1771-இல் அரசுக் கணக்கராக மதராஸுக்கு வந்த ஜார்ஜ் மௌப்ரேயின் தோட்ட வீடு அடையாற்றங்கரையில் இருந்தது. அந்த வீடுதான் இன்றைய மெட்ராஸ் கிளப். பிற்பாடு கணக்கர் பெயரை எடுத்துவிட்டு நிதியமைச்சர் ஒருவரின் பெயரை வைத்தார்கள்: டி.டி.கே. சாலை. இன்று அதில் பைக் ஓட்டிப் போகிற இளைஞர்களில் பலருக்கு டி.டி.கே. என்றால் குக்கர் கம்பெனி. அதுவும் சரிதான். ஒரே மனிதர் தொடங்கிய கம்பெனி, ஒரே மனிதர் வகித்த பதவி. இரண்டுக்கும் நடுவே கோடு எங்கே போகிறது என்ற கேள்வி அவரை வாழ்நாள் முழுதும் விடவில்லை. நம் அரசியலையும் இன்றுவரை விடவில்லை.

தென்சென்னை வரைபடத்தில் இன்னொரு தொழிலதிபரும் உண்டு. தியாகராய நகருக்குப் பெயர் தந்த பிட்டி தியாகராயர் நெசவுத் தொழில் நடத்தியவர், நீதிக்கட்சியைக் கட்டியெழுப்பியவர். 1920 தேர்தலுக்குப் பிறகு முதன்மை அமைச்சர் பொறுப்பு தேடி வந்தபோது வேண்டாம் என்று சொல்லிவிட்டார். டி.டி.கே. அந்த ரகம் அல்ல. பதவியை விரும்பினார், அதில் பெரிய காரியங்கள் செய்தார், இரண்டு முறை அதை இழந்தார்.

1899-இல் பிறந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரி, சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் படித்தவர். 1928-இல் தன் பெயரில் ஒரு ஏஜென்சி தொடங்கினார். சீமைச் சரக்கைத் தருவித்து ஊர் ஊராகக் கடைகளுக்குச் சேர்ப்பதுதான் தொழில். சன்லைட், லைஃப்பாய், லக்ஸ், பாண்ட்ஸ், கேட்பரீஸ், ஹார்லிக்ஸ், ஓவல்டின், வாட்டர்மேன் பேனா என்று அந்நாளைய நடுத்தரக் குடும்பத்தின் அலமாரியில் இருந்த பாதிச் சாமான்கள் டி.டி.கே. கணக்கில் வந்து போனவை. எந்த ஊரில் எது விற்கும், எந்தக் கடைக்காரருக்குக் கடன் கொடுக்கலாம், சரக்குக்குத் தட்டுப்பாடு வந்தால் விலை எப்படி ஏறும் என்பதெல்லாம் புத்தகம் படித்து வருகிற அறிவு அல்ல. பின்னாளில் தில்லியில் அவரோடு உட்கார்ந்த வழக்கறிஞர்களுக்கும் தியாகிகளுக்கும் இந்த அறிவு இல்லை.

1937-இல் சுயேச்சையாகச் சென்னை மாகாண சட்டமன்றத்துக்குள் நுழைந்தார். காங்கிரஸில் சேர்ந்தது அதற்குப் பிறகு. சிறை சென்ற தியாகம் அவரிடம் இல்லை என்பதைக் கட்சிக்காரர்கள் மறக்கவே இல்லை. அரசியல் முழுநேரம் ஆனதும் நிறுவனத்தை மகன் டி.டி. நரசிம்மன் கையில் விட்டார். அன்று அது இயல்பான ஏற்பாடு. யாரும் கேள்வி கேட்கவில்லை.

அரசியல் நிர்ணய சபையில் 1948 நவம்பர் 5 அன்று அவர் ஆற்றிய உரை இன்றும் பேசப்படுகிறது. வரைவுக் குழுவின் ஏழு பேரில் ஒருவர் விலகினார், ஒருவர் இறந்தார், ஒருவர் அமெரிக்காவில் இருந்தார், மற்றவர்கள் வேறு வேலைகளில் இருந்தார்கள், சுமை முழுவதும் அம்பேத்கர் தோளில் விழுந்தது என்று சபையில் எழுந்து சொன்னவர் அவர்தான். பின்னர் அவரே அந்தக் குழுவில் சேர்க்கப்பட்டார். அதே உரையில் இந்தித் திணிப்பைப் பற்றியும் கடுமையாகப் பேசினார்: தெற்கே பிரிவினை கேட்கிறவர்கள் இருக்கிறார்கள், முழு இந்தியா வேண்டுமா இந்தி இந்தியா வேண்டுமா என்பதை ஐக்கிய மாகாண நண்பர்களே முடிவு செய்யட்டும் என்றார். அம்பேத்கர் பற்றிய பகுதியை மேடைதோறும் சொல்கிறோம். இந்தப் பகுதியைச் சொல்வது குறைவு. 1965 பிப்ரவரியில் மொழிப்போர் தமிழ்நாட்டை உலுக்கியபோது சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அளகேசனும் மத்திய அமைச்சர் பதவியிலிருந்து விலகல் கடிதம் கொடுத்தார்கள். அப்போது நிதியமைச்சராக இருந்த டி.டி.கே. கொடுக்கவில்லை.

1952 மே மாதம் நேருவின் அமைச்சரவையில் வர்த்தகம், தொழில் துறைகளின் அமைச்சரானார். தொழிற்சாலை தொடங்க அரசு உரிமம் வேண்டும் என்ற 1951-ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் அதே மாதத்தில்தான். இறக்குமதி உரிமம், கோட்டா, அன்னியச் செலாவணி எல்லாவற்றுக்கும் சாவி அவர் கையில். இறக்குமதிச் சரக்கில் வளர்ந்த குடும்பத்தின் தலைவரிடம் இறக்குமதிக் கதவின் சாவி! வேறு ஒருவராக இருந்தால் கதவைச் சற்றுத் திறந்தே வைத்திருப்பார். இவர் மூடினார். உள்நாட்டில் செய்ய முடிகிற பொருளை வெளியிலிருந்து வாங்க அன்னியச் செலாவணி கிடையாது என்ற கொள்கை, சீமைச் சரக்கை விற்றுப் பிழைத்த ஏஜென்சிகளின் அடிமடியிலேயே கை வைத்தது. அவர் சொந்தக் குடும்ப நிறுவனமும் அதில் ஒன்று. பின்னாளில் அந்தக் குடும்பம் பிரிட்டனின் பிரெஸ்டீஜ் நிறுவனத்தோடு சேர்ந்து குக்கர் தயாரிப்புக்கு நகர்ந்தது இந்தப் பின்னணியில்தான்.

சென்னையில் இந்தக் கொள்கையின் தடம் இன்றும் தெரிகிறது. காரை உதிரியாகக் கொண்டுவந்து இங்கே பூட்டி விற்ற வெளிநாட்டு நிறுவனங்களிடம், இங்கேயே உற்பத்தி செய்யத் திட்டம் இருந்தால் இருங்கள், இல்லையென்றால் கிளம்புங்கள் என்று 1953-இல் அரசு சொன்னது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கிளம்பின. எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டிக்கொண்டிருந்த அசோக் மோட்டார்ஸ், 1955-இல் அசோக் லேலண்ட் ஆகி லாரி உற்பத்திக்குப் போனது. திருவொற்றியூரில் என்ஃபீல்டு வந்தது. அடுத்த பத்தாண்டில் பாடியைச் சுற்றி டி.வி.எஸ். குழுமத்தின் உதிரிபாக ஆலைகள் எழுந்தன. வடசென்னைக்கும் அம்பத்தூருக்கும் வேலை தந்த இந்தத் தொழில்களின் விதையில் டி.டி.கே.க்குப் பங்கு உண்டு. பிலாய், துர்காபூர், ரூர்கேலா எஃகாலைகளுக்கான ஏற்பாடுகள் நடந்த நாட்களில் இரும்பு எஃகுத் துறையும் அவரிடம் இருந்தது. தனியார் தொழிலுக்கு நீண்டகாலக் கடன் தர ஐ.சி.ஐ.சி.ஐ. 1955-இல் அமைந்ததும் அவர் தொழில் அமைச்சராக இருந்தபோதுதான்.

இந்தக் கதவடைப்புக்கு நாடு கொடுத்த விலையும் பெரிது. ஸ்கூட்டருக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தோம். உரிமம் வாங்கத் தெரிந்தவர் தொழிலதிபரானார், தொழில் தெரிந்தவர் கோப்புக்குப் பின்னால் நடந்தார். 1959-இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கி லைசென்ஸ், பெர்மிட், கோட்டா ராஜ்யம் என்று சாடிய ராஜாஜி வாழ்ந்தது தியாகராய நகர் பஸ்லுல்லா சாலையில். அந்த ராஜ்யத்தைக் கட்டியவர்களில் முக்கியமானவர், ராஜாஜி வாக்களித்த அதே தென்சென்னையின் எம்.பி. 1957-இல் அந்தத் தொகுதியில் வென்றவர் டி.டி.கே.

1956 ஆகஸ்டில் நிதியமைச்சரானார். அடுத்த ஆண்டு ஏப்ரல் 1 அன்று அணாவும் காசும் போய் நயா பைசா வந்தது. கேம்பிரிட்ஜ் பொருளாதார அறிஞர் நிக்கோலஸ் கால்டோரின் யோசனையை ஏற்றுச் செல்வ வரி, செலவு வரி, மூலதன ஆதாய வரி என்று அடுக்கினார். வருமான வரியின் உச்ச விகிதத்தை 45 சதவீதத்துக்குக் குறைத்துவிட்டு இவற்றைப் போடுங்கள் என்பதுதான் கால்டோரின் முழு யோசனை. புதிய வரிகளை எடுத்துக்கொண்டார்கள், அந்தக் குறைப்பை அதே அளவில் செய்யவில்லை. செல்வ வரி 2015 பட்ஜெட் வரை நீடித்தது.

ரிசர்வ் வங்கி ஆளுநர் பெனகல் ராமராவ் 1957 ஜனவரியில் விலகியதும் இவரால்தான். வட்டி விகிதத்தைப் பாதிக்கிற ஒரு முத்திரை வரியை நிதியமைச்சர் போட, ஆளுநர் ஆட்சேபிக்க, ரிசர்வ் வங்கி நிதியமைச்சகத்தின் ஒரு பிரிவுதான் என்ற தோரணையில் டி.டி.கே. பேசினார். நேரு அமைச்சர் பக்கம் நின்றார். தன் கம்பெனியில் ஏவி வேலை வாங்கிப் பழகியவருக்கு, தன்னைத் தடுக்கவென்றே ஓர் அமைப்பு இருக்கலாம் என்பது பிடிபடவில்லை என்று தோன்றுகிறது. தொழிலதிபர் அரசியலுக்கு வந்தால் வேகமாக வேலை நடக்கும் என்று இன்று சொல்கிறவர்கள் இந்த ஒரு சம்பவத்தைப் படித்துவிட்டுப் பேசலாம்.

பிறகு முந்த்ரா. ஆயுள் காப்பீட்டை அரசுடைமையாக்கி 1956 செப்டம்பரில் எல்.ஐ.சி. தொடங்கியது. ஓர் ஆண்டுகூட ஆகவில்லை. 1957 ஜூனில் கல்கத்தா வியாபாரி ஹரிதாஸ் முந்த்ராவின் ஆறு நிறுவனங்களில் ஏறத்தாழ 1.25 கோடி ரூபாய்க்கு எல்.ஐ.சி. பங்கு வாங்கியது. முந்த்ரா அப்போதே கடனில் மூழ்கிக்கொண்டிருந்தார். எல்.ஐ.சி.யின் முதலீட்டுக் குழுவைக் கேட்கவில்லை. டிசம்பரில் மக்களவையில் இதைக் கிளப்பியவர் பெரோஸ் காந்தி: ஆளுங்கட்சி உறுப்பினர், பிரதமரின் மருமகன். பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா பகிரங்கமாக விசாரித்தார். கூட்டம் தாங்காமல் வெளியே ஒலிபெருக்கி கட்டினார்கள். சில வாரங்களில் அறிக்கை வந்துவிட்டது. இன்றைய ஆணையங்களுக்குக் கிடைக்கிற கால நீட்டிப்புகளை நினைத்தால் பெருமூச்சுதான் வருகிறது.

டி.டி.கே. இதில் பணம் பார்த்தார் என்று சாக்ளா சொல்லவில்லை. ஆனால் தன் செயலாளர் எச்.எம். பட்டேல் தனக்குத் தெரியாமல் செய்துவிட்டார் என்ற அமைச்சரின் வாதத்தை ஏற்கவும் இல்லை. செயலாளரின் செயலுக்கு அமைச்சரே பொறுப்பு என்றார். இந்த வழக்கில் என்னை உறுத்துவது பங்கு வாங்கியதைவிட அந்த வாதம்தான். கல்லாவில் யார் உட்கார்ந்திருந்தாலும் கணக்குக்கு முதலாளிதான் பொறுப்பு என்பது சின்னக் கடைக்காரருக்கும் தெரிந்த விஷயம். முப்பது ஆண்டு வியாபார உலகத்தைப் பார்த்தவர் அதை நாடாளுமன்றத்தில் மறந்தது எப்படி? 1958 பிப்ரவரியில் பதவி விலகினார். அந்த ஆண்டு பட்ஜெட்டை நேருவே வாசிக்க வேண்டியதாயிற்று.

1962 தேர்தலில் தென்சென்னையில் அவர் நிற்கவில்லை, அங்கே தி.மு.க.வின் நாஞ்சில் கி. மனோகரன் வென்றார். டி.டி.கே. திருச்செந்தூரிலிருந்து போட்டியின்றித் தேர்வானார். சீனப் போருக்குப் பிறகு பாதுகாப்பு, பொருளாதார ஒருங்கிணைப்பு அமைச்சர். 1963-இல் காமராஜர் திட்டத்தில் மொரார்ஜி தேசாய் வெளியேற, நிதித்துறை மீண்டும் அவரிடம் வந்தது. சிறு சேமிப்பாளரைப் பங்குச் சந்தைக்கு அழைத்துவந்த யூனிட் டிரஸ்ட், தொழில் வளர்ச்சி வங்கி இரண்டும் 1964-இல் தொடங்கியவை. ரூபாயின் மதிப்பைக் குறைக்கச் சொன்ன வெளிநாட்டு நெருக்கடிக்கு அவர் இணங்கவில்லை. அவர் போன ஐந்து மாதத்தில், 1966 ஜூன் 6 அன்று, டாலர் 4.76 ரூபாயிலிருந்து 7.50 ரூபாயானது.

அவர் ஏன் போனார் என்பதுதான் முக்கியம். பதவியால் குடும்ப நிறுவனங்கள் பயனடைந்தன என்று எம்.பி.க்கள் சிலர் குற்றம் சாட்டினார்கள். பிரதமர் சாஸ்திரி, தலைமை நீதிபதியின் கருத்தைக் கேட்கலாம் என்றார். பிரதமரே குற்றச்சாட்டைத் தள்ளுபடி செய்ய வேண்டும் என்று எதிர்பார்த்த டி.டி.கே. 1965 டிசம்பர் 31 அன்று விலகினார். பதினொரு நாளில் சாஸ்திரி தாஷ்கண்டில் இறந்தார். குற்றச்சாட்டு எந்த நீதிமன்றத்திலும் நிரூபிக்கப்படவில்லை. 1974-இல் இறக்கும்வரை அவர் மீண்டும் அமைச்சராகவில்லை.

சொந்த ஏஜென்சி வியாபாரத்தையே பாதிக்கும் கொள்கையைப் போட்டவர் மகனுக்காகச் சட்டத்தை வளைத்திருப்பாரா என்று கேட்கலாம். எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. ஆனால் பதில் சொல்ல யாராலும் முடியவில்லை என்பதுதான் பிரச்சினை. கம்பெனி மகனிடம் இருந்தது, அனுமதி தருகிற அரசில் தந்தை இருந்தார். நடுவே இருந்தது அவர் வார்த்தை ஒன்றுதான்.

இந்த ஓட்டை தெரியாமல் இருந்ததா? கே. சந்தானம் தலைமையிலான ஊழல் தடுப்புக் குழுவின் அறிக்கையை ஒட்டி 1964-இல் மத்திய அமைச்சர்களுக்கு நடத்தை விதிகள் வந்தன. டி.டி.கே. உட்கார்ந்திருந்த அரசிலேயே வந்தவை அவை. தொழில் நடத்துகிறவர் அமைச்சரானால் நிர்வாகத்திலிருந்து விலக வேண்டும். அரசுக்குச் சரக்கோ சேவையோ விற்கிற நிறுவனமானால் உரிமையையும் விட வேண்டும். கூடவே ஒரு வாசல்: மனைவி அல்லது கணவர் தவிர, குடும்பத்தின் வயதுவந்த வேறு எவரிடமும் ஒப்படைக்கலாம். அதாவது மகனிடம் கொடுக்கலாம். டி.டி.கே. என்றோ செய்துகொண்ட ஏற்பாட்டையே விதி அனுமதித்தது. மீறினால் தண்டனை என்ன என்றும் கேட்க வேண்டாம். இது சட்டம் அல்ல.

அமெரிக்காவில் 1953-இல் ஜெனரல் மோட்டார்ஸ் தலைவர் சார்லஸ் வில்சன் பாதுகாப்பு அமைச்சரானபோது, பங்குகளை விற்றால்தான் ஒப்புதல் என்று செனட் நின்றது. ஆனால் அந்த நாட்டின் நலமுரண் சட்டம் அதிபரைக் கட்டுப்படுத்தாது. 2017-இல் டிரம்ப் செய்தது என்ன? நிர்வாகத்தை மகன்களிடம் கொடுத்தார். தாய்லாந்தில் தக்சின் பிரதமராக இருந்தபோது 2006-இல் அவர் குடும்பம் தொலைத்தொடர்பு நிறுவனப் பங்கைச் சிங்கப்பூரின் டெமாசெக்குக்கு விற்றதும் தெருவில் போராட்டம் வெடித்தது.

நம்மூரிலோ உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளுக்குப் பிறகு வேட்பாளர்கள் சொத்துப் பட்டியல் கொடுக்கிறார்கள். அதில் வேட்பாளர் சொத்து வரும், துணைவர் சொத்து வரும், சார்ந்து வாழ்கிறவர்கள் சொத்து வரும். தனியே சம்பாதிக்கிற வயதுவந்த மகனும் மகளும் வரமாட்டார்கள். கல்லூரி, கட்டுமானம், மதுபானம், தொலைக்காட்சி என்று அரசின் அனுமதியை நம்பி நடக்கிற தொழில்கள் அரசியல் குடும்பங்களில் பெரும்பாலும் இருப்பது அந்தப் பிள்ளைகள் பெயரில்தான். கட்சி பேதமில்லாமல் எல்லோருக்கும் வசதியான மௌனம் இது.

ஆகவே கேட்க வேண்டியது இரண்டு. அமைச்சர்களுக்கான நடத்தை விதியில் உறவினரிடம் ஒப்படைக்கலாம் என்ற வரியை நீக்கி, அதைத் தண்டனையுள்ள சட்டமாக்க வேண்டும். அமைச்சரின் வயதுவந்த பிள்ளைகளுக்கு அரசோடு உள்ள ஒப்பந்தங்களையும் அரசிடம் பெற்ற உரிமங்களையும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். அடுத்த தேர்தலில் மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் இந்த இரண்டுக்கும் ஒப்புதல் உண்டா என்று வாசலிலேயே கேளுங்கள்.