கைவேலைக்குக் கைமேல் காசு



நம் கடைகளுக்குச் சரக்கு கொண்டுவருவோரில் ஒரு வகையினரைப் பற்றி இந்த இதழில் இதுவரை யாரும் எழுதியதாக எனக்கு நினைவில்லை. கையால் செய்த வாழ்த்து அட்டைகளை ஒரு துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கும் பெண்களைச் சொல்கிறேன். கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெண்கள், மகளிர் சுய உதவிக் குழுவினர், கைக்குழந்தைக்காரர்கள் எனப் பலரும் இதில் உண்டு. அட்டையில் பூவும் இலையும் கொடியும் தனித்தனியாக வெட்டி ஒட்டப்பட்டு, ஒரு சிறு தோட்டமே எழுந்து நிற்பதுபோல் இருக்கும். நாமும் வாங்கிப் பார்த்து, "நன்றாய் இருக்கிறதம்மா" என்று சொல்லுவோம். அடுத்து என்ன சொல்லுவோம்? "வைத்துவிட்டுப் போ. விற்றால் காசு."

இந்த "விற்றால் காசு" என்ற பேச்சை நாம் விட்டுவிட வேண்டும் என்பதே என் கருத்து. காரணங்களைச் சொல்கிறேன். சரியென்று பட்டால் கடைப்பிடியுங்கள்.

வாழ்த்து அட்டை வியாபாரம் நமக்குப் புதியதல்ல. மார்கழி பிறந்துவிட்டால் கடை வாசலில் கயிறு கட்டி, பொங்கல் வாழ்த்து அட்டைகளைத் தொங்கவிட்ட காலம் ஒன்று இருந்தது. சாமி படம், நடிகர் படம், தலைவர் படம், ஏர் பிடித்த உழவர் படம் எல்லாம் சிவகாசியிலிருந்து கட்டுக் கட்டாக வந்து இறங்கும். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் அடிக்க வளர்ந்த அச்சுத் தொழில், நாட்காட்டியும் வாழ்த்து அட்டையுமாக நாடு முழுவதும் பரவியது. உறையை ஒட்டாமல் மடக்கி, மேலே "புக் போஸ்ட்" என்று எழுதி, குறைந்த தபால்தலையில் அனுப்பி வைத்தோம். அறிவொளி இயக்கம் நடந்த 1991, 92 ஆண்டுகளில் நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் புதிதாக எழுதக் கற்றுக்கொண்ட தாய்மார்கள் பலர். அவர்களுக்கெல்லாம் தன் கையால் ஒரு பெயரை எழுதுவது எவ்வளவு பெரிய காரியம் என்பதை நேரில் பார்த்தவர்கள் நம்மில் இருக்கிறார்கள்.

பிறகு கைப்பேசி வந்தது. குறுஞ்செய்தி வந்தது. இப்போது வாட்ஸ்அப்பில் ஒரே படம் நூறு பேருக்குப் போகிறது, நூறு பேரிடமிருந்தும் வருகிறது. அந்தப் பழைய அட்டை வியாபாரம் திரும்பி வராது. வரும் என்று யாராவது சொன்னால் நம்பிக் கொள்முதல் செய்யாதீர்கள்.

ஆனால் கைப்பேசி எடுத்துக்கொண்டது அச்சடித்த பொது வாழ்த்தின் இடத்தைத்தான். மாற்றலாகிப் போகும் ஆசிரியருக்கு, ஓய்வு பெறும் அலுவலருக்கு, புதுமனை புகுவோருக்கு, வளைகாப்பு நடக்கும் மகளுக்கு, வெளிநாட்டிலிருக்கும் பேரனுக்கு, கையில் எடுத்துப் பார்க்கவும் பெட்டியில் பத்திரப்படுத்தவும் ஏதாவது கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் மக்களிடம் இன்னும் இருக்கிறது. கைவேலை அட்டைக்கு இடம் அங்கேதான். அது ஆயிரக்கணக்கில் விற்கும் சரக்கல்ல. ஒரு கடையில் மாதம் பத்து, இருபது போகும். பண்டிகை மாதத்தில் ஐம்பது போகலாம். அந்த அளவோடு வைத்துக்கொண்டால் நட்டம் வராது.

இந்த அட்டை எப்படிச் செய்யப்படுகிறது என்று தெரிந்துகொள்வது வாங்கும் நமக்கு நல்லது. அச்சகத்தில் "டை" என்று சொல்வது நமக்குத் தெரியாத பொருள் அல்ல. நம் கடையிலுள்ள ஊதுபத்திப் பெட்டியும் இனிப்புப் பெட்டியும் டையில் வெட்டியவைதான். எஃகுப் பட்டையை வேண்டிய வடிவத்தில் வளைத்து, பிளைவுட் பலகையில் பதித்து, வெட்டிய தாள் ஒட்டிக்கொள்ளாமல் வெளியே வர ஓரங்களில் ரப்பர் துண்டுகள் ஒட்டி, இயந்திரத்தில் பூட்டி அழுத்துவார்கள். ஒரு டை செய்ய ஆகும் செலவு ஆயிரக்கணக்கான தாள்களின் மேல் விழுந்தால்தான் கட்டுபடியாகும்.

வீட்டில் செய்பவர்களிடம் இருப்பது சின்னக் கை இயந்திரம். பூ வடிவத்தில் செய்த மெல்லிய உலோக அச்சின்மேல் தாளை வைத்து, இரண்டு பிளாஸ்டிக் தகடுகளுக்கு நடுவே செருகிக் கைப்பிடியைச் சுற்றினால், கரும்புச்சாறு இயந்திரத்தில் கரும்பு போவதுபோல உருளைகளுக்கு இடையே புகுந்து, மறுபக்கம் பூவும் இலையுமாக வெட்டுப்பட்டு வரும். அதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. சிறியதும் பெரியதுமாக இரண்டு மூன்று அடுக்கு வெட்டி, ஒவ்வோர் இதழையும் மொண்ணைக் கம்பியால் அழுத்தி வளைத்து, நடுவில் மட்டும் பசை தொட்டு ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்ட வேண்டும். அப்போதுதான் இதழின் ஓரம் தாளில் படாமல் தூக்கி நிற்கும். வெட்டுவது இயந்திரம், பூவாக்குவது கை.

இந்தக் கைத்திறனுக்கு நம் வட்டாரத்தில் பஞ்சமே இல்லை. கீரமங்கலம் பக்கம் குளமங்கலத்தில் வில்லுனி ஆற்றங்கரையிலுள்ள பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயில் குதிரையை அறியாதவர் யார்? முப்பது அடிக்கும் மேல் உயர்ந்து நிற்கும் அந்தக் குதிரைக்கு மாசிமகத்தன்று பக்தர்கள் சாத்துவது காகிதப்பூ மாலை. குதிரையின் உயரத்துக்கு ஈடாக நீளமுள்ள மாலைகள் ஆயிரக்கணக்கில் வந்து குவிகின்றன. திருவிழா நெருங்கும்போது சுற்று வட்டாரத்தில் வண்ணக் காகிதத்தை வெட்டி மாலை கட்டும் வேலை மும்முரமாக நடக்கும். மாசிமகம் முடிந்தால் அந்தக் கைகளுக்கு அந்த வேலை அடுத்த மாசிக்குத்தான்.

மாதிரிக்கு வெளியூர்ப் பூவைத் தேடிப் போக வேண்டியதும் இல்லை. கீரமங்கலம் பூச்சந்தைக்கு வரும் மல்லிகை, முல்லை, கனகாம்பரம், சம்பங்கி போதாதா? வடகாடு பக்கத்துப் பலாவும் வாழையும் போதாதா? 2018 நவம்பர் 16 அன்று கஜா புயலில் இந்தப் பகுதியின் தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்ததை நாம் மறக்கவில்லை. ஒரு பலா மரம் பொங்கல் அட்டையில் நின்றால், நம் ஊர்க்காரர் அதைப் பார்க்கும் பார்வையே வேறாக இருக்கும். கடையில் ரோஜாவும் டூலிப்பும் மட்டும் வெட்டிக் கொண்டுவரும் பெண்ணிடம், "நம்ம ஊர்ப் பூ கொண்டு வாம்மா" என்று நாம் சொல்லலாம். அந்தச் சொல்லுக்கு மதிப்பிருக்க வேண்டுமானால் வாங்கும் நாம் காசு கொடுப்பவராக இருக்க வேண்டும்.

இப்போது கணக்குக்கு வருவோம். ஓர் உதாரணமாகவே இதைப் போடுகிறேன். ஊருக்கு ஊர் கொஞ்சம் கூடும், குறையும். ஓர் அட்டைக்குக் கெட்டித்தாள், வண்ணத்தாள், உறை, பசை சேர்த்து 8 ரூபாய். இயந்திரத் தேய்மானம் ஒன்றரை ரூபாய். ஒரு மணி நேரத்தில் 4 அட்டை முடிக்கலாம். கூலியை எதை வைத்துப் போடுவது? 2025-26-ல் நூறு நாள் வேலைக்கு நம் மாநிலத்துக்கு அறிவித்த நாள்கூலி 336 ரூபாய். எட்டு மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 42, அட்டைக்குப் பத்தரை ரூபாய். ஆக மொத்தம் 20 ரூபாய். இதில் அவருக்கு லாபம் என்று ஒரு காசும் சேர்க்கவில்லை. உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது என்பது இந்த உழவுக்கும் பொருந்தும்.

நாற்பது அட்டையை அவர் நம் கடையில் வைத்துவிட்டுப் போனால், கைப்பணம் 380 ரூபாயும் பத்து மணி நேர உழைப்பும் நம் அலமாரியில் முடங்கிக் கிடக்கிறது. பொங்கலுக்கு வைத்த சரக்குக்கு மாசியில் கணக்குப் பார்க்கிறோம். விற்றது பன்னிரண்டு என்போம். மீதியைத் தூசியும் எண்ணெய்க் கறையுமாகத் திருப்பிக் கொடுப்போம். வெயிலில் தொங்கி நிறம் வெளுத்த அட்டைகளை ஒரு பெண்ணிடம் ஒரு கடைக்காரர் அப்படித் திருப்பிக் கொடுத்ததை நானே பார்த்தேன். அவர் எந்த ஊர்க்காரர் என்பது இங்கே தேவையில்லை. அந்தப் பெண் ஒன்றும் பேசவில்லை. எண்ணி வாங்கிக்கொண்டு படியிறங்கினார். நம்முடைய அசட்டையால் கெட்ட சரக்கின் நட்டத்தை அவர் தலையில் ஏற்றுவது எந்த வியாபார நியாயம்?

இன்னொன்றையும் நெஞ்சில் கை வைத்து யோசிக்க வேண்டும். பெரிய கம்பெனிகளின் சோப்பையும் பிஸ்கட்டையும் முன்பணம் கட்டி எடுக்கிறோம். கோடிக்கணக்கில் புரட்டுகிறவருக்கு முன்கூட்டியே பணம், 380 ரூபாய் முதலுள்ளவரிடம் கடன் என்றால் இது தலைகீழ் அல்லவா? சின்ன வியாபாரியின் பணத்தைப் பெரிய முதலாளிகள் முடக்குகிறார்கள் என்று மே 5 வணிகர் தின மேடைகளில் நாம் முழங்குகிறோம். நமக்கும் கீழே ஒரு சின்னவர் நிற்கும்போது அதே காரியத்தை நாம் செய்தால் நம் முழக்கத்துக்கு என்ன பொருள்?

"விற்காவிட்டால் என் பணம் போகுமே" என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதற்கு வழி கடனில் வாங்குவதல்ல, குறைவாக வாங்குவது. நாற்பதை வைத்துவிட்டுப் போகச் சொல்வதைவிட, பத்தை எண்ணி வாங்கி 200 ரூபாயைக் கையில் கொடுங்கள். 28, 30 என்று விற்றால் சர்க்கரையிலும் எண்ணெயிலும் கிடைக்காத விகிதம் இதில் கிடைக்கும். பத்தும் தீர்ந்தால் அடுத்த பத்து. நம் பணம் போட்ட சரக்கென்றால் நாமே கண்ணில் படும் இடத்தில் வைப்போம், நாமே எடுத்துக் காட்டுவோம். "விற்றால் காசு" சரக்கு மூலையில்தான் கிடக்கும். அது விற்காமல் போவதற்குப் பாதிக் காரணமே அதுதான்.

காசு கொடுத்து வாங்குகிறவருக்குத் தரம் பார்க்கும் உரிமை உண்டு. நான்கு விஷயங்களைப் பாருங்கள். முதலாவது, மடிப்பு. தாளுக்கும் நார் ஓட்டம் உண்டு. ஓட்டத்தோடு மடித்தால் மடிப்பு நேராக விழும். குறுக்கே மடித்தால் வெடித்துப் பிசிறடிக்கும். இரண்டாவது, பசை. மயில்துத்தம் சேர்க்காத மைதாப் பசையென்றால் மளிகைக் கடையில் கரப்பான் பூச்சிக்கு விருந்து வைத்ததாகும். வெள்ளைப் பசையில் ஒட்டியதா என்று கேளுங்கள். மூன்றாவது, அளவு. ஏ4 தாளை இரண்டாக வெட்டி மடித்த அட்டைக்கு உறை சுலபமாகக் கிடைக்கும். கண்டபடி அளவு வைத்தால் உறைக்கு அலைய வேண்டும். நான்காவது, எடை. தபால் கட்டணம் 20 கிராம் கணக்கில் ஏறும். உறையோடு நம் மின்னணுத் தராசில் வைத்து எடையைச் சொல்லிவிட்டால் வாங்குபவருக்கும் உதவி.

பில் இல்லையே என்று தயங்க வேண்டாம். மாநிலத்துக்குள் சரக்கு மட்டும் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாய் வரை ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமில்லை என்பது 2019 ஏப்ரல் 1 முதல் உள்ள நிலை. வவுச்சர் எழுதிக் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

நம் சங்கங்கள் செய்யக்கூடிய காரியம் ஒன்றும் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் வாடிக்கையாளருக்கு நாட்காட்டி கொடுக்கிறோம். அதை நிறுத்தச் சொல்லவில்லை. ஒவ்வொரு கடைக்கும் ஐம்பது நல்ல வாடிக்கையாளராவது இருப்பார்கள். இருபது கடைகள் சேர்ந்தால் ஆயிரம் அட்டை. முல்லைப்பூவோ பலாவோ ஒரே ஒரு டையைச் சங்கச் செலவில் சிவகாசியில் செய்து, பூவையும் இலையையும் அங்கேயே வெட்டி வாங்கி, இதழ் வளைத்து ஒட்டும் வேலையை நம் ஊர்ப் பெண்களுக்குக் கூலி பேசிக் கொடுக்கலாம். டை சங்கத்தின் சொத்து. அடுத்த ஆண்டுக்கும் உதவும். அட்டையின் உள்ளே கடைக்காரர் தம் கையாலேயே வாடிக்கையாளர் பெயரை எழுதிக் கொடுக்கட்டும். பெரிய பெரிய அங்காடிகளும் வீட்டுக்கே பொருள் அனுப்பும் கம்பெனிகளும் தள்ளுபடி கொடுக்க முடியும். அவர்களுக்குப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரியாது. நமக்குத் தெரியும்.

உலகில் முதன்முதலாக வியாபாரத்துக்கென அச்சான கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை 1843-ல் லண்டனில் ஹென்றி கோல் என்பவர் வெளியிட்டது. கல்லச்சில் அடித்து, வண்ணத்தைக் கையால் தீட்டினார்கள். ஓர் அட்டை ஒரு ஷில்லிங். அந்நாளில் அது சாதாரணத் தொகை அல்ல. பாண்டிச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகித ஆலை 1959 முதல் பருத்தித் துணிக் கழிவிலிருந்து தாள் செய்துவருகிறது. அந்தத் தாளில் செய்த அட்டையை ஆலைக் காகித விலைக்கு யாரும் கேட்பதில்லை. கைவேலைக்கு விலை உண்டு என்பதை வாங்குகிற மக்கள் ஒப்புக்கொள்கிறார்கள். இடையில் நிற்கும் நாம்தான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

ஆகவே வணிகப் பெருமக்களே, அடுத்த முறை துணிப்பையோடு ஒரு பெண் நம் கடைப்படி ஏறினால், சரக்கைப் பாருங்கள். பிடிக்கவில்லையென்றால் வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள், அதில் தவறில்லை. பிடித்திருந்தால் பத்தை எண்ணி எடுத்துக்கொண்டு, கல்லாப்பெட்டியைத் திறந்து 200 ரூபாயைக் கொடுங்கள்.

ஆலங்குடி மொத்த வியாபாரி