நோயுற்றவனுக்குத் தண்டனையா?

2025 நவம்பரில் டித்வா புயல் இந்நாட்டைத் தாக்கியபோது, நடைபெற்றுக்கொண்டிருந்த க. பொ. த. உயர்தரப் பரீட்சை இடையில் நிறுத்தப்பட்டது. எஞ்சிய பாடங்களுக்கு 2026 ஜனவரியில் பரீட்சை நடத்தப்பட்டது. மாணவர் எவரிடமும் சான்றிதழ் கேட்கப்படவில்லை. அது நியாயமான முடிவு.

ஆனால், புயல் ஒரேயொரு வீட்டில் வீசினால்? தந்தைக்குக் கொள்ளி வைக்கச் சென்ற மகனுக்கும், டெங்குக் காய்ச்சலால் ஆசுபத்திரியிற் கிடக்கும் மகளுக்கும் எமது பல்கலைக்கழகங்கள் காட்டும் வழி என்ன?

குறித்த நாட்களுக்குள் வைத்தியச் சான்றிதழைச் சமர்ப்பிக்கவேண்டும். பல்கலைக்கழக வைத்திய அதிகாரி அதனை அங்கீகரிக்கவேண்டும். பின்னர் பீடச் சபையும் மூதவையும் அதனை ஏற்கவேண்டும். ஏற்றுக்கொண்டால் அடுத்த தடவை எழுதுவது முதற் தடவையாகவே கணிக்கப்படும். மறுத்தாலோ, அம்மாணவர் மீளத் தோற்றுபவராகிவிடுவார். எவ்வளவு திறமையாக எழுதினாலும் பெரும்பாலும் ‘சீ’ தரத்துக்கு மேற் கிடைக்காது. வகுப்புச் சித்தியும் கைநழுவிப் போகக்கூடும்.

கட்டுப்பாடே வேண்டாமென நாம் கூறவில்லை. பொய்ச் சான்றிதழ் காட்டித் தப்புவது, உரிய நாளில் உழைத்து எழுதிய மாணவனுக்கு இழைக்கும் துரோகம். அதனைக் கண்டிப்புடன் தடுக்கவேண்டும். எனினும், காரணம் உண்மையென ஏற்றுக்கொண்ட பின்னரும் விசேட பரீட்சை நடத்தாது, “அடுத்த அணியினருடன் எழுது” என ஓராண்டு காத்திருக்கச் செய்வது எவ்வகை நீதி? ஒரு வினாத்தாளுக்காக இறுதியாண்டு மாணவன் பட்டமின்றி நிற்கிறான். பட்டதாரிகளுக்கான வேலைக்கு விண்ணப்பிக்கவும் வழியில்லை. அவனது சம்பளத்தை நம்பியிருக்கும் குடும்பமும் அந்த ஓராண்டைச் சேர்ந்தே இழக்கிறது.

புதிய வினாத்தாள் தயாரிப்பதிலும் திருத்துவதிலும் வேலையும் செலவும் உண்டென்பதை நாம் அறிவோம். ஆனால், அச்சுமையை நோயாளியின் தலையில் ஏற்றுவது முறையாகாது.

இதற்குப் பாராளுமன்றம் புதிய சட்டம் இயற்றவேண்டியதில்லை. 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் கீழ் கல்வி, பரீட்சை விடயங்களில் மூதவைகளுக்குப் போதிய அதிகாரம் உண்டு. நோய், மகப்பேறு, நெருங்கிய உறவினரின் மரணம், இயற்கை அனர்த்தம் ஆகியவற்றை விதியிலேயே தெளிவாகக் குறிப்பிடட்டும். ‘தகுந்த காரணம்’ என்ற மொட்டைச் சொல் அதிகாரியின் மனப்போக்குக்கே இடமளிக்கும். தகுதியுடையோருக்கு எட்டு வாரங்களுக்குள் விசேட பரீட்சை நடத்தட்டும். விண்ணப்பம் மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் தந்து, மேன்முறையீட்டுக்கும் வழி திறக்கட்டும்.

நாடு முழுவதற்கும் இடர் வந்தபோது பரீட்சையைத் தள்ளிவைத்தவர்கள், தனியொரு மாணவனுக்கு இடர் வரும்போதும் அதே நீதியை வழங்கவேண்டும். அடுத்த பரீட்சைக் காலத்துக்கு முன்னரே மூதவைகள் இதனை ஆராய்ந்து முடிவு காணுமென எதிர்பார்க்கிறோம்.